மெஷின் வயிற்றில் ஒரு புனிதர்

லெயோன், கோயெசியோ பேட்டை
30 அக்டோபர் 1979

என் கிழவனுக்கு,

நீ தையல் வேலைக்காகப் பார்ரலுக்கு பஸ் ஏறி இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அங்கே குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்.

ஒரு தொந்தரவு. மெஷின் மக்கர் செய்கிறது. நான்கு தையல் ஒழுங்காக விழுகிறது, ஐந்தாவதை விட்டுவிடுகிறது. கீழ்நூல் வேறு தோலின் மேல்பக்கம் முடிச்சு முடிச்சாக எட்டிப் பார்க்கிறது. நம் தோல் தொழிலைக் காக்கிற புனித கிறிஸ்பின் விழா வரைக்கும் வெண்ணெயாக ஓடியது. பாதிரியார் வந்து மெஷினுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். நீ இல்லாததால் மெஷினுக்குள் வைக்கிற இந்த வருஷத்துப் புனிதர் படத்தை நானே செருகினேன். பெண்கள் உள்ளே பார்க்கக்கூடாது என்று வருஷா வருஷம் என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தானே நீ படம் மாற்றுவாய். அதனால் நானும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பலகையின் சந்து வழியாகத் தள்ளிவிட்டேன். மறுநாளிலிருந்து இந்தக் கூத்து.

ஜனவரித் திருவிழாவுக்கு முன் வியாபாரி தொன் ப்ரௌலியோவுக்கு அறுபது குதிரைச் சேண வார் தைத்துக் கொடுக்க வேண்டும். "முடியலைன்னா இப்பவே சொல்லிடு ஒதிலியா, கீழத்தெரு பட்டறைக்குக் குடுத்துடறேன். அடுத்த வருஷமும் அவங்களுக்கேதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் அம்மா முன்னால் நான் என்ன சவால் விட்டேன் என்று உனக்குத் தெரியும். உங்கள் மகன் திரும்பி வரும் வரைக்கும் இந்தப் பட்டறையைப் பூட்டமாட்டேன் என்று சொன்னேன். இப்போது உன் அம்மா தினமும் ஜன்னல் வழியாக மெஷின் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

என்ன செய்வது என்று எழுது.

உன் ஒதிலியா

*

பார்ரல்
7 நவம்பர் 1979

கிழவி,

பதறாதே. நான் சொல்கிறபடி செய்.

முதலில் ஊசியைப் பார். துணி ஊசியைப் போட்டிருப்பாய். தோல் ஊசி போடு, முனை பட்டையாக இருக்கும். ஊசியில் ஓடுகிற நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே முட்டும் வரைக்கும் தள்ளித் திருகு. நூலுக்கு மெழுகு தேய். தோலை அழுத்துகிற பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் பாரம் கொடு, தோல் ஊசியோடு சேர்ந்து எழும்பினாலும் தையல் விடும். மேல்நூலின் திருகை அரைச் சுற்று தளர்த்து.

பிறகு கீழ்நூல் உருளை உட்காருகிற பாபின் பெட்டி. நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஓர் உதறு உதறு. மாமியார் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும், மெதுவாக, முனகிக்கொண்டே, படிப்படியாக. நினைவிருக்கிறதா? கல்யாணமான மாதம் இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் பெட்டியே கையிலிருந்து விழுந்தது.

அடிப்பலகையை மட்டும் திறக்காதே. இதற்கும் சரியாகவில்லையென்றால் விட்டுவிடு. மீதியை ஈஸ்டருக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

கிறிஸ்பின் விழாவுக்குப் பட்டறைக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுதவில்லையே? பாதிரியார் மட்டுமா வந்தார்? யாரோ கிடார் வாசித்ததாக என் அம்மா எழுதியிருக்கிறார்.

எவரிஸ்தோ

*

லெயோன்
14 நவம்பர் 1979

கிழவா,

கிடார் வாசித்தது சிப்ரியானோ. தையல் மெஷின் பழுது பார்ப்பானே, சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு போவான், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவன். மூன்று பாட்டுப் பாடினான். நன்றாகவே பாடினான். போதுமா?

நீ சொன்னதெல்லாம் செய்தேன். ஊசி தோல் ஊசிதான், எனக்கு அந்த அறிவுகூட இல்லையா? பள்ளம் இடப்பக்கம்தான். மெழுகும் தேய்த்தேன், பாரமும் ஏற்றினேன். மேல்நூலை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் அடிப்பக்கம் கோழிக்கூடு மாதிரி நூல் சுருண்டுவிட்டது. பாபின் பெட்டியை உதறினால் மாமியார் இறங்கவில்லை, மாடியிலிருந்து குதிக்கிறார். கீழ் இறுக்கம் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, திருகினாலும் பிடிக்கவில்லை. இரண்டு வார் வீணாகிவிட்டது.

கடைசியில் சிப்ரியானோவைக் கூப்பிட்டேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஊசிக் கோளாறு இல்லீங்க, வயித்துக் கோளாறு. அடிப்பலகையக் கழட்டணும்" என்றான். என் புருஷன் திறக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார் என்றேன். "ஏன், உள்ள புதையலா இருக்கு?" என்று சிரித்தான். காசு வாங்கவில்லை. பன்றித்தோல் வறுவல் வைத்த ரொட்டி இரண்டு சாப்பிட்டான், இந்தச் சட்னி கோயெசியோவிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனான். எட்டு வருஷத்தில் நீ ஒரு நாள் சொன்னதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்த எட்டு வருஷத்தில் மூன்று தடவை மெஷின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சான் மிகேல் பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனாயே. கொண்டுபோன மூன்று தடவையும் புதிதாகத் திரும்பி வந்தது. அவர் பெயரும் வீடும் எழுது. நானே கொண்டுபோகிறேன்.

அங்கே உனக்குச் சமைத்துப் போடுவது யார்? அதையும் எழுது.

ஒதிலியா

*

பார்ரல்
22 நவம்பர் 1979

ஒதிலியா,

அந்தக் கிழவர் செத்துப்போய்விட்டார். போன வருஷமே. அந்தப் பக்கம் போகாதே.

சிப்ரியானோ என் மெஷினில் காதை வைத்தானா? நாளைக்கு வேறு எங்கே வைப்பான்? அவன் வெறும் துணி மெஷின் பார்க்கிறவன். இரண்டு ரொட்டி தின்றான் என்பதை இத்தனை அழகாக எழுதியிருக்கிறாய். என் ஸ்டூலில் உட்கார்ந்தானா? உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதிவிடு, மறைக்காதே. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. சமைத்துப் போடுகிறவள் முதலாளியின் அத்தை, எழுபது வயது, பல் கிடையாது. திருப்தியா?

இங்கே நான் தலைமைத் தையல்காரன். ஆறு பேர் என் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். என் வீட்டில் மட்டும் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

வாரெல்லாம் போனால் போகட்டும். ப்ரௌலியோ வேறு இடத்துக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும். நான் வரும் வரைக்கும் மெஷினுக்குத் துணியைப் போட்டு மூடு. எந்த ஆண்பிள்ளையும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. அடிப்பலகையைத் திறக்காதே. மூன்றாவது முறையாகச் சொல்லமாட்டேன்.

எவரிஸ்தோ

*

லெயோன்
29 நவம்பர் 1979

எவரிஸ்தோவுக்கு,

திறந்துவிட்டேன்.

"வாரெல்லாம் போனால் போகட்டும்" என்று எழுதினாயே, அதைப் படித்ததும் நானே திருப்புளியை எடுத்துவிட்டேன். சிப்ரியானோ டார்ச் பிடித்தான். ஆமாம், உன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான் பிடித்தான்.

உள்ளே இரண்டு கிறிஸ்பின் இருந்தார்கள். ஒன்று நான் தள்ளிய இந்த வருஷத்துப் படம், சந்துக்குப் பக்கத்திலேயே புத்தம் புதிதாக நின்றது. அது இன்னொன்றை உள்ளே இடித்துத் தள்ளியிருக்கிறது. பழசு எண்ணெயில் ஊறி, அடியில் சுழன்று ஊசி நூலைப் பிடிக்கிற கொக்கியில் மாட்டி, கந்தலாகிக் கிடந்தது. அதன் நார்தான் பாபின் பெட்டியின் வில்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கீழ்நூலைப் பிடிக்கவிடாமல் செய்திருக்கிறது. ஊரெல்லாம் பழைய படத்தை எரித்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். நீ என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு ஒன்றுமே செய்யவில்லை, இல்லையா? எட்டு வருஷமாக உள்ளே அதே படம்.

பின்பக்கம் பாதி எழுத்து மிச்சம் இருக்கிறது. பேனா எழுத்து. "எவரிஸ்தோவுக்கு. உன் நூல் அறாமல் இருக்க. உன் ஹசிந்தா. 1970."

யார் இந்த ஹசிந்தா?

நமக்குக் கல்யாணம் 1971-இல். எட்டு வருஷமாக நான் காலை முதல் மாலை வரைக்கும் அந்த மெஷினை மிதித்திருக்கிறேன். காய்ச்சல் அடித்த நாளில்கூட மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அவள் என் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சிப்ரியானோவின் காதைப் பற்றி நீ எனக்கு எழுதுகிறாய்! நான் அந்த எழுத்தைப் படித்ததும் அவன் டார்ச்சை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கீழ்நூல் இப்போது சரியாகிவிட்டது. ஐந்தாவது தையல் இன்னும் விடுகிறது. அதற்கு உன் யோசனை வேண்டாம். என் கேள்விக்குப் பதில் மட்டும் எழுது.

ஒதிலியா

*

பார்ரல்
8 டிசம்பர் 1979

ஒதிலியா,

அது ஒரு பழைய கதை. ஒன்றுமில்லாத கதை. நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், எல்லாருக்கும் படம் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். "உன்" என்று எழுதுவது அவள் பழக்கம். எப்போதோ குவாதலஹாராவுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. முகம்கூட நினைவில்லை. படத்தை மாற்ற மறந்துவிட்டேன், அவ்வளவுதான். எட்டு வருஷமும் மறந்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், குவாதலூப்பே அன்னை மேல் ஆணை, அவள் மேல் ஆசை வைத்து அதை வைத்திருக்கவில்லை.

தையல் விடுகிறதற்கு எதையாவது திருகிக் கெடுத்துவிடாதே. அது கொக்கிக்கு நேரம் வைக்கிற வேலை, ஊசி இறங்கி ஏறுகிற கணத்தில் கொக்கி சரியாக வந்து சேர வேண்டும். பெண்களால் முடியாது, சிப்ரியானோவாலும் முடியாது. நான் வந்து பார்க்கிறேன்.

கோபப்படாதே கிழவி. அவன் இன்னும் வருகிறானா?

எவரிஸ்தோ

*

லெயோன்
17 டிசம்பர் 1979

எவரிஸ்தோவுக்கு,

குவாதலஹாராவாம்! அன்னையின் பெயரை வேறு இழுத்திருக்கிறாய். அவள் சான் மிகேல் பேட்டையில், நீ மூன்று தடவை சாக்கு சுமந்துகொண்டு போன அதே வீட்டில் இருக்கிறாள். செத்துப்போன உன் கிழ மெக்கானிக்குக்கு உயிர் வந்துவிட்டது. மார்பளவு தலைமுடி, தங்கப் பல் ஒன்று, மூன்று பிள்ளைகள், கசாப்புக் கடைக்காரப் புருஷன்.

சிப்ரியானோவுக்குத் தெரிந்திருக்கிறது. "சேணம் தைக்கிற ஹசிந்தா லெயோன்லயே ஒருத்திதான் இருக்கா" என்றான். அவனுடைய தள்ளுவண்டியில் மெஷின் தலையை ஏற்றிக்கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன், மெஷின் ஒரு சாக்கு. பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்று அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பார்த்தேன். அழகி இல்லை. கழுத்து நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை, வண்டியில் இருந்த மெஷினைத்தான் பார்த்தாள். "அடடே, எவரிஸ்தோ மெஷின்! மறுபடியும் நேரம் போச்சா? எங்க அவன், நாலாவது தடவைக்கு வெக்கமா இருக்கா?" என்றாள்.

நான் அங்கேயே அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் சொன்னாள். நான் கேட்காததையும் சொன்னாள். உனக்கு மெஷினில் தைக்கச் சொல்லிக் கொடுத்தது அவள். அவளுடைய அப்பா பட்டறையில், இரண்டு வருஷம். உங்கள் கல்யாணத்துக்குத் தேதிகூடக் குறித்தாயிற்றாம். பட்டறைப் பொறுப்பை அவள் அப்பா உனக்குக் கொடுக்காமல் அவளுக்குக் கொடுத்தார், நீ அந்த வாரமே மூட்டையைக் கட்டிவிட்டாய். "என் தையல் அவன் தையலவிட நேரா இருந்துச்சு. அதான் அவனுக்குப் பொறுக்கல. வேற ஒண்ணும் இல்ல பொண்ணே, நீ கண்ணக் கசக்காத" என்றாள். நான் கண்ணைக் கசக்கவில்லை. தோல் தூசி.

பிறகு பாபின் பெட்டியை எடுத்து நூலில் தொங்கவிட்டு ஓர் உதறு உதறினாள். "பாரு, மாமியா பஸ்ஸுலேர்ந்து எறங்கற மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

எவரிஸ்தோ, அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. படத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான மாதம் நீ என்னைச் சிரிக்க வைத்த பேச்சு அவளுடையதா? நான் சிரித்த சிரிப்பு அவளுக்குச் சேர வேண்டியதா? இன்னும் எதெல்லாம் அவளிடமிருந்து வந்தது? என்னைக் கிழவி என்று கூப்பிடுகிறாயே, அதுவுமா? கேட்டுவிட்டேன் அவளிடம். "சேச்சே, என்னைய அவன் முதலாளின்னுதான் கூப்புடுவான்" என்றாள். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கொக்கிக்கு நேரம் வைக்க உனக்குத் தெரியாது. எட்டு வருஷமாகத் தெரியாது. கதவை மூடிக்கொண்டு மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பாய், பிறகு சாக்கில் சுற்றிக்கொண்டு அவளிடம் ஓடுவாய். "பெண்களால் முடியாது" என்று எழுதியிருக்கிறாயே! சிப்ரியானோ என்னைப் பார்க்கிறான் என்றா உனக்குப் பயம்? உன் மெஷினுக்குள் பார்த்துவிடுவான் என்றுதானே பயம்?

படம் மாட்டியபோது நான் விடாமல் மிதித்ததில் கொக்கியின் திருகுகள் நழுவியிருக்கின்றன. அவள் முதலில் தான் வைத்துக் காட்டினாள். பிறகு வேண்டுமென்றே கலைத்துவிட்டு, "இப்ப நீ வையி" என்றாள். நான்கு தடவை தப்பு. ஐந்தாவது தடவை சரியாக விழுந்தது. எட்டு வருஷம் உன்னிடம் கேட்டு வராத வேலை, ஒரு மதியத்தில் வந்துவிட்டது.

அவளைப் பிடிக்கவில்லை. நாளைக்கும் போகிறேன், ஆறு வார் அவள் தைத்துத் தருகிறாள்.

உன் அம்மா ஜன்னலுக்கு வந்தார். மெஷின் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஒதிலியா

*

பார்ரல்
2 ஜனவரி 1980

ஒதிலியாவுக்கு,

பஸ் டிரைவர் நபோரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபால் ஒரு வாரம் எடுக்கும், எனக்கு ஒரு வாரம் கிடையாது. பதிலை அவனிடமே கொடு.

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்திலும் நான் சொன்ன பொய்யெல்லாம் மறுபடி அழகாக வந்தது. இது ஆறாவது.

அவள் சொன்னதெல்லாம் நிஜம். படத்தை எடுத்து எரிக்க ஒவ்வொரு வருஷமும் போவேன். கை வராது. மெஷினை அவளிடம் கொண்டுபோகும்போது மட்டும் எடுத்து ஒளித்துவிட்டு, திரும்பியதும் மறுபடி செருகிவிடுவேன். ஆசை இல்லை ஒதிலியா, பயம். அதை எடுத்துவிட்டால் எனக்குத் தெரிந்த கொஞ்ச வேலையும் போய்விடும் என்று பயம். நீ வேகமாகக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது அந்தப் பயம் இரண்டு மடங்காகும். உன் தையலும் என் தையலைவிட நேர். கல்யாணமான இரண்டாம் வருஷமே எனக்குத் தெரியும். அதனால்தான் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வயிற்றெரிச்சல்தான். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

மாமியார் பேச்சு அவளுடையதுதான். கிழவி என்பது என்னுடையது.

இப்போது விஷயம். இங்கே பெரிய மெஷின் மூன்று நாளாக நிற்கிறது. ஊசி மாற்றினேன், நூலுக்கு மெழுகு தேய்த்தேன், பாபின் பெட்டி ஒழுங்காக இறங்குகிறது. நான்கு தையல் விழுகிறது, ஐந்தாவது விடுகிறது. ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பல்வலி என்று சொல்லித் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். முதலாளியின் அத்தை கஷாயம் காய்ச்சி ஊற்றுகிறார்.

என்ன செய்வது என்று எழுது.

எவரிஸ்தோ

*

லெயோன்
5 ஜனவரி 1980

கிழவா,

தாடைத் துணியை அவிழ்த்துவிட்டுப் படி.

அறுபது வாரும் முந்தாநாள் கொடுத்தாயிற்று. தொன் ப்ரௌலியோ தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். "எவரிஸ்தோ எப்ப வந்தான்?" என்றார். "வரல. நான்தான் தைச்சேன், ஆறு மட்டும் ஹசிந்தா" என்றேன். அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா மூன்று மன்னர் திருநாள் ரொட்டியில் பெரிய துண்டை எனக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

சிப்ரியானோ இன்னும் வருகிறான். நேற்று ஹசிந்தாவின் நாத்தனாரைப் பெண் பார்க்கப் போனான், என் சட்னியை ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு போனான். நீ நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் ரொம்ப நிம்மதியாக வேண்டாம்.

இனி வேலை. கொக்கியின் மூன்று திருகையும் தளர்த்து, கழற்றாதே. சக்கரத்தைக் கையால் உன் பக்கமாகச் சுற்று. ஊசி அடிமட்டத்துக்கு இறங்கட்டும், திரும்ப ஓர் அரிசி மணியின் கனம் ஏறட்டும். அங்கே நிறுத்து. அந்த இடத்தில்தான் நூல் ஊசிக்குப் பின்னால் சின்ன வளையம் போடும். கொக்கியின் மூக்கைக் கொண்டுவந்து ஊசிக் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்து, அந்த வளையத்துக்குள் அது நுழைய வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விடும்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. போன கடிதத்தில் கோபத்தில் எழுதாமல் விட்டேன். நீ செய்தது போலவே "நீ வந்ததும் பார்க்கலாம்" என்று எழுதத்தான் இப்போதும் உட்கார்ந்தேன். பல்வலிக் கஷாயத்தை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

கொக்கிக்கும் ஊசிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அதுதான் கடைசி. உரசினால் நூல் பிய்யும், விலகினால் தையல் விடும். அந்தக் கந்தல் படத்தை ஹசிந்தாவிடம் காட்டியபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட லூசுப்பயலே, இதையா உள்ள சொருகி வெச்சான்? எடவெளி அளக்கத்தானே குடுத்தேன்! ஒரு படத்தோட கனம்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேனே, காதுலயே வாங்கலியே!" என்றாள். எட்டு வருஷமாக நீ தேடி ஓடிய அளவு உன் மெஷின் வயிற்றிலேயே இருந்தது.

அவள் கொடுத்த படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நானே போட்டேன், முழுசாக எரியும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

இந்தக் கடிதத்தோடு புதுப் படத்தை வைத்திருக்கிறேன், விழாவுக்கு நான் செருகினேனே, அது. ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவே வைத்து அளந்து, திருகுகளை இறுக்கிவிட்டு, வெளியே எடுத்துவிடு. மெஷினுக்குள் வைக்காதே, உன் சட்டைப் பையில் வை. பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஹசிந்தா பேனாவில் எழுதினாள், எண்ணெயில் பாதி போய்விட்டது. நான் தோல் சாயத்தில் எழுதியிருக்கிறேன், போகாது.

ஈஸ்டருக்கு வரும்போது கொண்டு வா. பையைத் தடவிப் பார்ப்பேன்.

உன் கிழவி